ஒன்பது நிமிடம்

மறைமலை நகரில் மணி பார்க்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஜி.எஸ்.டி. சாலையோரம் கம்பெனி பஸ்கள் வந்து நிற்பதை வைத்தே சொல்லிவிடலாம். விடிகாலை ஐந்து மணி சுமாருக்குச் சீருடை போட்ட பிள்ளைகள் தோளில் பையும் கையில் டிபன் பாக்ஸுமாக நிற்கத் தொடங்குவார்கள். ஒரு பஸ் சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஒரகடம் பக்கம் போகும், இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போகும். காலை நடைக்குப் போகும் என்னைப் போன்ற கிழங்கள் அந்த பஸ்களைப் பார்த்துத்தான் வீடு திரும்புகிறோம்.

இப்படி நிமிடக் கணக்கில் நடக்கிற ஊரில், அந்த நிமிடத்தை யார் வைத்திருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. விரல் நகத்தை விடச் சிறிய ஒரு சிப் வைத்திருக்கிறது என்று போன வருடம்தான் தெரிந்துகொண்டேன். (மறைமலையடிகள் பெயரில் அமைந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பஸ், சிப், பேட்டரி என்று எழுதுகிறேன். தனித்தமிழ் கண்ட அடிகள் பொறுத்தருள வேண்டும்.)

எங்கள் மாடிப் போர்ஷனில் நான்கு பையன்கள் குடியிருக்கிறார்கள். எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஜூலை மாத ஆரம்பத்தில் சம்பளச் சீட்டோடு கீழே வந்தான். நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் காகிதம் எது வந்தாலும் என்னிடம் காட்டுவார்கள். சீட்டில் பல நாட்களுக்கு அரை மணி, அரை மணி என்று பிடித்தம் போட்டிருந்தது. காரணம், முன்கூட்டியே வெளியேறுதல்.

"லேட்டுன்னு சொன்னாக்கூட ஒத்துக்குவேன் தாத்தா. சீக்கிரம் போயிட்டேங்கிறாங்க. ரெண்டரைக்கு மணி அடிச்சப்புறம்தான் லைன விட்டே வெளிய வர்றேன்" என்றான்.

அவன் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். உதிரிபாகம் செய்கிற சிறிய இடம், அவ்வளவுதான். வாசலில் காவலர் அறையை ஒட்டி விரல் ரேகை வைக்கிற இயந்திரம் இருக்கிறது. வலைத் தொடர்பு கிடையாது. மாதம் ஒருமுறை ஒருவர் வந்து பென் டிரைவில் கணக்கை எடுத்துக்கொண்டு போவார். ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வரை ரேகை வைத்தால் மன்னிப்பு, அதற்கும் முன்னால் என்றால் அரை மணிச் சம்பளம் போகும். உள்ளே மணி அடிப்பது வேறு கடிகாரம் பார்த்து.

"அந்த மெஷின் என்ன நேரம் காட்டுது தம்பி?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. விரலை வைத்ததும் அது "தேங்க் யூ" என்கிறது, பஸ் கிளம்பிவிடும் என்று ஓடுகிறான். யார்தான் நின்று பார்ப்பார்கள்?

எங்கள் காலத்தில் வருகைப் பதிவேட்டை வைத்து எத்தனை சண்டை நடந்தது என்று முன்பே இங்கு எழுதியிருக்கிறேன். சூப்பிரண்டெண்டென்ட் சிவப்பு மையில் குறி போடுவார், குறிகள் சேர்ந்தால் தற்செயல் விடுப்பில் கழியும். ஆனால் சுவர்க் கடிகாரம் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தொங்கியது. "சார், கடிகாரம் முந்துது, ரேடியோவோட சரி பாருங்க" என்று துணிச்சல்காரர் ஒருவராவது சொல்வார். இயந்திரம் வந்த பிறகு அந்தக் கேள்வி போய்விட்டது. இயந்திரம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பிடித்தம் போடுகிறவரும் நம்புகிறார், பறிகொடுக்கிறவனும் நம்புகிறான்.

என் பேத்தி பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிட்சி தெருவில் வாங்கிவந்த ஒரு சின்னப் பலகையை என் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். நடுவில் கறுப்பாக ஒரு சிப், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் போல சி.ஆர். 2032 பேட்டரி. "இதான் தாத்தா நேரம் வெச்சிருக்கிற சிப். ஆனா இதுக்கு மணி தெரியாது. எண்ணத்தான் தெரியும்" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்தக் கடிகாரங்களின் உயிர் ஒரு குவார்ட்ஸ் படிகம். வினாடிக்கு 32,768 தடவை அதிரும்படி அதை அறுத்திருப்பார்கள். ஏன் இந்த எண்? இதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். மின்சுற்று அப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய் வினாடிக்கு ஒரு துடிப்பை எடுக்கிறது. மின்சாரம் போனாலும் அந்தப் பேட்டரி எண்ணிக்கையைப் பல வருடம் காப்பாற்றும்.

சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்தில் இருபது வரை பிசகு இருக்கலாம் என்று செய்பவர்களே சொல்லித்தான் விற்கிறார்கள். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. கணக்குப் போட்டால் நாளுக்கு ஒன்றே முக்கால் வினாடி வரை கூடவோ குறையவோ செய்யலாம். இதற்கு மேல் வெயில் வேறு. படிகம் 25 டிகிரிச் சூட்டில்தான் அளவாக ஓடும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும், எவ்வளவு விலகுகிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மெதுவாகும். தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் நாளுக்கு ஒரு வினாடிக்கு மேல் பின்தங்கும். நம் செங்கல்பட்டு வெயில் இதைப் பின்னால்தான் இழுக்கும், முந்த வைக்காது. நல்ல படிகமும் இங்கே சோம்பேறியாகத்தான் ஆகும்.

இப்போது பையன் கதைக்கு வாருங்கள். கடிகாரம் பின்தங்கினால் காலையில் அவன் ஆறேகாலுக்கு வந்தது ஆறு மணி ஆறு நிமிடம் என்று பதிவாகும். முன்னால் வந்ததற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. மதியம் இரண்டு முப்பத்தொன்றுக்கு விரல் வைத்தால் இரண்டு இருபத்திரண்டு என்று பதிவாகும். அதற்கு அரை மணிச் சம்பளம் போகும். ஒரே பிசகு, காலையில் லாபம் இல்லை, மதியம் நஷ்டம்.

அந்தச் சிப்பிலிருந்து நேரத்தை எப்படி வாங்குவது என்று பேத்தி கம்ப்யூட்டரில் காட்டினாள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. உள்ளே வரிசையாக ஏழு அறைகள். வினாடி, நிமிடம், மணி, கிழமை, தேதி, மாதம், வருடம். ஒவ்வோர் அறையும் இரண்டு பாதி. ஒரு பாதியில் பத்தாம் இடத்து எண், மறு பாதியில் ஒன்றாம் இடத்து எண். ஐம்பத்தொன்பது என்றால் ஐந்து ஒரு பக்கம், ஒன்பது ஒரு பக்கம். இது தெரியாமல் கம்ப்யூட்டர் அறையை மொத்தமாக ஒரே எண்ணாக வாங்கினால் 89 என்று படிக்கும், ஏனென்றால் அதற்கு மேல் பாதி பதினாறு பதினாறாகப் போகிறது. அதனால் நிரல் எழுதுகிறவர் ஐந்தைப் பத்தால் பெருக்கி ஒன்பதைக் கூட்டி ஐம்பத்தொன்பது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இது புதிதா என்ன? தொண்ணூற்றேழு என்பதை நாங்கள் "கத்ர வேன் தி செத்" என்று படித்தோம். நான்கு இருபது, பத்து, ஏழு. ஒரு எண்ணைச் சொல்வதற்குள் ஒரு பெருக்கலும் இரண்டு கூட்டலும் செய்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் அம்மா தமிழில் கணக்குக் கேட்பார். ஒரே எண்ணை ஒரு இடத்தில் ஒரு மாதிரி வைத்து, இன்னோர் இடத்தில் வேறு மாதிரி படிக்கிற வேலையை ஆறு வயதிலேயே செய்திருக்கிறேன் என்று பேத்தியிடம் சொன்னேன். சிரித்தாள். மணி அறையில் பன்னிரண்டு மணிக் கணக்கா, இருபத்துநாலு மணிக் கணக்கா என்று குறிக்க ஒரு சின்னத் துளி இருக்கிறது. அதை இருபத்துநாலில் வை என்றேன். "கத்தோர்ஸ் எர் த்ரான்த்", பதினான்கு மணி முப்பது. காலையா மாலையா என்ற குழப்பமே இல்லை.

படிப்பதில் இன்னொரு கண்ணி உண்டு. மணி 13, நிமிடம் 59, வினாடி 59 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மணி அறையைப் படிக்கிறீர்கள், 13. அடுத்த அறைக்குப் போவதற்குள் வினாடி மாறி நிமிடமும் வினாடியும் பூஜ்யமாகிவிட்டது. உங்கள் கையில் 13.00 என்று இருக்கும், உண்மையில் மணி 14.00. ஒரு மணி நேரம் காற்றோடு போயிற்று! இதற்காகவே இப்போதைய சிப்புகள் படிக்கத் தொடங்கிய கணத்தில் ஏழு அறைகளையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அந்த நகலிலிருந்து கொடுக்கின்றன. ஆனால் ஒரே மூச்சில் ஏழையும் கேட்க வேண்டும், பிட்டுப் பிட்டுக் கேட்டால் பயனில்லை. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கம்ப்யூட்டரில் இருந்த மோட்டோரோலா சிப்பில் "மாற்றிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் பொறு" என்று சொல்ல ஒரு கொடி இருந்தது. அந்தக் கொடி இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

நேரத்தை வைப்பதற்கும் முறை உண்டு. வினாடி அறையில் எழுதிய நொடியில் அந்தப் பதினைந்து பாதிகளும் முதலிலிருந்து தொடங்கும். மற்ற அறைகளை அடுத்த வினாடிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். ஆகவே வரப்போகும் நிமிடத்தை முன்பே தயாராக வைத்துக்கொண்டு, சரியாக அந்தக் கணத்தில் பொத்தானை அமுக்குவது நல்லது. வானொலிச் செய்திக்கு முன்னால் வரும் "பிப் பிப்" ஒலிக்குக் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோமே, அதே வேலைதான்.

எந்த நேரத்தை வைப்பது? இதில் எனக்கு ஒரு வேடிக்கை காத்திருந்தது. "யு.டி.சி. வெச்சிட்டு அப்புறம் கூட்டிக்கலாம் தாத்தா" என்றாள். நான் பதினோரு வருடம் யு.டி.சி.யாக இருந்தவன். மேல்நிலை எழுத்தருக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். அவள் சொன்ன யு.டி.சி. உலகப் பொது நேரம். அந்தச் சுருக்கெழுத்துக்கே ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் சி.யு.டி. என்றும் பிரெஞ்சுக்காரர் டி.யு.சி. என்றும் தங்கள் தங்கள் மொழி வரிசையில் வைக்கப் பார்த்து, கடைசியில் இரண்டிலும் சேராத வரிசையில் சமாதானம் ஆனார்களாம். அந்த நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். அந்த அரையை மறந்துவிட்டு முழு மணியாக மட்டும் கூட்டத் தெரிந்த நிரல்களும் உண்டு என்கிறாள். நம் ஊர் நேரத்துக்கு அது சரிப்படாது.

அந்த ஐந்தரையும் ஆதியிலிருந்து இருந்ததல்ல. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வகத்தை வைத்து மெட்ராஸ் நேரம் என்று ஒன்று ஓடியது. கிரீன்விச்சுக்குச் சுமார் ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முன்னால். ரயில்வேக்காரர்கள் நாடு முழுக்க அதையே பிடித்துக்கொண்டு வண்டி விட்டார்கள். 1906-இல் ஐந்தரை மணிக் கணக்கு வந்தபோது மெட்ராஸ்வாசிகள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளினார்கள். பிரான்சில் 1911-இல் சட்டம் போட்டார்கள். கிரீன்விச் என்ற பெயரைச் சட்டத்தில் எழுத மனம் வரவில்லை. "பாரிஸ் நேரத்தை 9 நிமிடம் 21 வினாடி பின்தள்ளியது" என்று எழுதி வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் அது கிரீன்விச் நேரமேதான். என்ன ரோஷம் பாருங்கள். பல பத்தாண்டுகள் அந்த வாசகம் சட்டத்தில் இருந்தது.

சரி, பையன் விஷயம். அவன் உடனே போய் "மெஷின் மெதுவா ஓடுது, சரி பண்ணுங்க" என்று சொல்லத் தயாராக இருந்தான். நான் தடுத்தேன். குமாஸ்தா புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? பராமரிப்புக்காரர் வருவார், பொத்தானை அமுக்கி நேரத்தைச் சரி செய்வார், போய்விடுவார். அந்தக் கணத்தோடு பழைய பிசகு மறைந்துவிடும். ஏழு அறைகளிலும் புது எண்கள். பழையது என்னவாக இருந்தது என்று சிப்புக்கே தெரியாது. "மெஷின் சரியாத்தானே இருக்கு, வந்து பாரு" என்பார்கள். அவனும் பார்ப்பான், சரியாகத்தான் இருக்கும்.

பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் நாங்கள் சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது. பழையது படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியாரும் ரப்பரை மேஜைக்கு மேல் பார்த்தால் பிடுங்கிக்கொள்வார். கப்பல் கடிகாரத்தைப் பயணத்தின் நடுவே திருப்பி வைக்க மாட்டார்கள் என்று படித்திருக்கிறேன். இன்றைக்கு எவ்வளவு பிசகு, நாளுக்கு எவ்வளவு ஓடுகிறது என்று புத்தகத்தில் எழுதி, கணக்கில் கழித்துக்கொள்வார்கள். நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 2006-க்குப் பிறகு வந்தவற்றில் நேரக் கடிகாரம் உண்டு, ஒவ்வொரு பொத்தான் அழுத்தமும் தேதி நேரத்தோடு பதிவாகும். அதன் திரையில் நேரம் பிசகியிருந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் அதைத் திருப்பி வைப்பதில்லை, வித்தியாசத்தைத் தாளில் குறிப்பார். தேர்தல் வேலைக்குப் போன நம்மவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லை.

அதனால் பையனிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். "ஒரு வாரம் யார்கிட்டயும் பேசாதே. தினமும் வெளிய வர்றப்போ மெஷின் முகமும் உன்கூட வர்றவன் போன் நேரமும் ஒரே படத்துல விழற மாதிரி எடுத்துட்டு வா." உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆனால் ஒப்படைத்த போன்களைத் திரும்ப வாங்குகிற ஜன்னல் அந்த இயந்திரத்துக்கு எதிரேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. போனில் ஓடுவது வலைத் தொடர்பிலிருந்து வருகிற நேரம், அதை நம்பலாம்.

முதல் நாள் படத்தில் வித்தியாசம் 9 நிமிடம் 3 வினாடி. ஏழாம் நாள் 9 நிமிடம் 15 வினாடி. ஆறு நாளில் 12 வினாடி, நாளுக்கு இரண்டு. இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் பிரெஞ்சுச் சட்டத்துக் கணக்கே வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சபலம். பையனின் சம்பளத்தில் விளையாடக் கூடாது என்று நிறுத்திவிட்டேன். நாளுக்கு இரண்டு வினாடி என்று பின்னால் எண்ணிக்கொண்டு போனால் சுமார் ஒன்பது மாதம். அதாவது அக்டோபர். காவலரைக் கேட்டபோது, "ஆயுத பூஜைக்குத் தொடச்சு சந்தனம் வெச்சப்போ டைம் வெச்சாங்க, அப்புறம் யாரும் தொடல" என்றாராம். பேத்தி கைதட்டினாள்.

ஏப்ரலில் பிசகு ஆறு நிமிடத்தைத் தாண்டியிருக்கும் என்று கணக்குச் சொல்லிற்று. சலுகை ஐந்து நிமிடம், அவன் வெளியே வருவது இரண்டு முப்பத்தொன்று. சம்பளச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் பிடித்தம் தொடங்கியதும் ஏப்ரலில்தான். ஏப்ரலில் சில நாள், மேயில் பாதிக்கு மேல், ஜூனில் ஏறக்குறைய எல்லா நாளும். அவனுக்கு மட்டும் அல்ல, அதே பஸ்ஸில் போகிற எல்லோருக்கும்.

மனுவை நானே எழுதினேன். பெறுநர், பொருள், இணைப்பு என்று முறைப்படி. ஏழு படங்கள், நாள்வாரி அட்டவணை ஒன்று, பிடித்தப் பட்டியல் ஒன்று. யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. இயந்திரம் மெதுவாக ஓடியது, இவ்வளவு ஓடியது, ஆகையால் இந்தத் தேதிகளில் பிடித்தது திரும்ப வர வேண்டும், அவ்வளவுதான். கடைசிப் பத்தியில் ஒரு வேண்டுகோள்: நேரத்தைத் திருத்தும் முன் பழைய நேரம், புது நேரம், தேதி, திருத்தியவர் கையெழுத்து ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதவும். பையன்கள் பதினான்கு பேர் கையெழுத்திட்டார்கள். தனியாகக் கொடுத்தால் கேட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை என்னவென்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மேயும் ஜூனும் திரும்ப வந்தன. ஏப்ரல் வரவில்லை. அந்த மாதக் கணக்கு முடிந்துவிட்டது என்று சொன்னார்களாம். அட்டவணைப்படி ஏப்ரலுக்கும் அதே பிசகுதான், ஆனால் படம் இருந்தது ஜூலையில் மட்டும். இன்னொரு மனு எழுதலாம் என்றேன். "போதும் தாத்தா" என்றான். நான் வற்புறுத்தவில்லை. நோட்டு மட்டும் வந்துவிட்டது, கயிறு கட்டித் தொங்குகிறது என்று சொன்னான்.

பேத்தியின் பலகையில் இருப்பது இந்தப் பிசகுக்கு மருந்தான சிப், டி.எஸ். 3231. படிகமும் வெப்பமானியும் உள்ளேயே இருக்கின்றன. 64 வினாடிக்கு ஒருமுறை தன் சூட்டைப் பார்த்து ஓட்டத்தைச் சரி செய்துகொள்ளும். 40 டிகிரி வரை வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினால் அதிகம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பேட்டரி தீர்ந்தோ வேறு காரணத்தாலோ அதன் ஓட்டம் ஒரு கணம் நின்றுவிட்டால் ஒரு கொடியை ஏற்றி வைத்துக்கொள்ளும். நான் நடுவில் நின்றேன், என் நேரத்தை நம்பாதே என்று அர்த்தம். திரும்ப நேரம் வைத்து நாமாக இறக்கும் வரை அந்தக் கொடி இறங்காது. அலுவலகத்தில் அப்படிச் சொன்ன மனிதர்கள் எத்தனை பேர்? ஆனால் நிரல் எழுதுகிறவர்களில் பலர் அந்தக் கொடியைத் திரும்பியே பார்ப்பதில்லை என்கிறாள். சிப் 2000 ஜனவரி 1 என்று சொன்னாலும் அப்படியே வாங்கி எழுதிக்கொள்கிற நிரல்கள் உண்டாம்.

அவள் நிரல் கொடியைப் பார்க்கிறது. ஒவ்வொரு தடவை நேரம் வைக்கும்போதும் பழையது, புதியது, எப்போது, யார் என்று ஒரு வரி தானாக எழுதிக்கொள்கிறது. சுருக்கொப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறாயா என்று கேட்டேன். என் பெயரின் முதலெழுத்துகளையே போட்டு வைத்திருக்கிறாள்.

ஒரு குறை மட்டும் உண்டு. நான்கால் வகுபட்டால் அது லீப் வருடம் என்று இந்தச் சிப் எண்ணுகிறது. 2100 லீப் வருடம் அல்ல. அந்த வருடம் பிப்ரவரி 28-க்கு மறுநாள் இது 29 என்று காட்டும். அதையும் நிரலில் ஒரு குறிப்பாக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.